58-க்குப் பிறகு எந்த ஊர்?

1998 செப்டம்பரில் முதல் சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் அதைப் பூட்டி முடித்த கைகளில் பல, இருபது இருபத்திரண்டு வயதுக் கைகள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரோ டர்னரோ, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கலோ முடித்துவிட்டு ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவர்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கி, ஷிப்ட் மாறி மாறித் தூங்கியவர்கள். அந்தத் தலைமுறை இன்று ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. 58-ல் ஓய்வு என்றால் அவர்களுக்கு மிச்சமிருப்பது எட்டோ பத்தோ ஆண்டுகள்.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதிக்கு இது புதிய விஷயம். வேலைக்குச் சேர வரும் இளைஞர்களை இந்தச் சாலைகள் பார்த்திருக்கின்றன. கம்பெனி மூடப்பட்டு வெறுங்கையோடு திரும்பிய இளைஞர்களையும் பார்த்திருக்கின்றன. வயது முடிந்து, மாலை போட்டு, கூட்டம் கூட்டமாக வீட்டுக்குப் போகிறவர்களை இன்னும் பார்த்ததில்லை. ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை தொடங்கியது 2010-ல். டெய்ம்லர் 2012, ராயல் என்ஃபீல்டு 2013. ஆகவே ஓய்வு என்ற பேச்சு இங்கே இப்போதுதான் ஆரம்பிக்கிறது. அதில் எப்போதும் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. எப்போது நிறுத்துவது? நிறுத்திவிட்டு எங்கே போய் இருப்பது?

நெய்வேலியிலோ திருச்சி பெல் நிறுவனத்திலோ வேலை பார்த்தவருக்கு இரண்டாவது கேள்வியின் பாதியை நிர்வாகமே தீர்த்துவைத்துவிடும். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். இங்கே குவார்ட்டர்ஸும் கிடையாது, டவுன்ஷிப்பும் கிடையாது. கம்பெனி பஸ்தான் உண்டு. தாம்பரம், படப்பை, வாலாஜாபாத், காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று எந்தப் பக்கம் வாடகை ஒத்துவந்ததோ அங்கே குடியிருந்தார்கள். கல்யாணம் ஆனதும் ஒரு மனை வாங்கினார்கள். பி.எஃப்.பில் அட்வான்ஸ், வங்கியில் கடன், மனைவியின் நகை என்று எல்லாம் சேர்ந்து 600 சதுர அடியில் ஒரு வீடு எழும்பியது. ஓய்வுக் காலத்தை நினைத்து வாங்கிய மனை இல்லை அது. கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து வாங்கிய மனை. பஸ் நின்றுபோன பிறகு அந்த வீடு யாருக்கு வசதி என்ற கேள்வி அப்போது எழவில்லை.

இனி எழ வேண்டும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கம்பெனிக்குப் போய்வந்தவர் மட்டும் அல்ல என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

குளிர் தேடுகிறவர்கள்

குளிர் நாடுகளில் ஓய்வு பெற்றவர்கள் வெயிலைத் தேடிப் போகிறார்கள். அமெரிக்காவின் வடக்கிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு, இங்கிலாந்திலிருந்து ஸ்பெயின் கடற்கரைக்கு. நம் பக்கம் திசை நேர்மாறானது. வெள்ளைக்காரன் காலத்து அதிகாரிகள் ஊட்டியிலும் குன்னூரிலும் வீடு கட்டினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பெங்களூருக்கு ஓய்வூதியக்காரர்களின் சொர்க்கம் என்ற பெயர் நெடுநாள் இருந்தது. இப்போது அந்த இடத்தைக் கோயம்புத்தூர் பிடித்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, சிறுவாணித் தண்ணீர், பெரிய மருத்துவமனைகள் எல்லாம் சேர்ந்து முதியோருக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்புகளை அங்கே கொண்டுவந்திருக்கின்றன.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அக்னி நட்சத்திரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த ஆசை ஏன் வருகிறது என்று விளக்க வேண்டாம். கடல் காற்று இவ்வளவு உள்ளே வருவதற்குள் பகல் முடிந்துவிடுகிறது. ஆலைக் கூரைகள், ஆறு வழிச் சாலைகள், லாரி நிறுத்தங்கள், மரம் இல்லாத மனைப்பிரிவுகள். மேலே மாடி எடுக்காத ஒற்றைத் தள வீட்டில், மொட்டை மாடி பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு பன்னிரண்டு மணி வரை கக்கும். நாற்பது வயதில் ஏ.சி. போட்ட ஷாப்பில் எட்டு மணி நேரம் கழிந்துவிடுவதால் வீட்டுச் சூடு உறைக்காது. அறுபத்தைந்து வயதில் பகல் முழுக்க அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். வயது ஏற ஏற உடம்பு சூட்டை வெளியேற்றும் திறன் குறைகிறது, தாகம் எடுப்பதும் மந்தமாகிறது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்கி உடம்பில் நீரை இன்னும் குறைக்கும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஆணை போட்டது. வெயில் இனி வெறும் அசௌகரியம் இல்லை என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட நாள் அது.

ஆனால் கோவைக்கோ ஏற்காட்டுக்கோ போவது, லைனில் நின்று சம்பாதித்த பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது. அவர்கள் முன் இருப்பது இரண்டே தேர்வுகள்: இங்கே கட்டிய வீடு, அல்லது சொந்த ஊர். அவற்றில் ஒன்றை எடுக்கும் முன் கையில் என்ன வரும் என்று பார்த்துவிடுவோம்.

வரவு எவ்வளவு

1998-ல் 22 வயதில் சேர்ந்து 2034-ல் 58 வயதில் வெளியே வரும் ஒரு நிரந்தரத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் கடைசியில் வாங்கும் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், பி.எஃப். அலுவலகம் தரும் ஓய்வூதியம் அதைப் பார்ப்பதில்லை. 1995-ம் ஆண்டுத் திட்டப்படி, ஓய்வூதியச் சம்பளத்தைப் பணியாண்டால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 ஆகஸ்ட் வரையிலான பணிக்கு 6,500 ரூபாயும், 2014 செப்டம்பருக்குப் பிந்தைய பணிக்கு 15,000 ரூபாயும் உச்ச வரம்பு. இருபது ஆண்டுக்கு மேல் பணி இருந்தால் இரண்டு ஆண்டு சேர்த்துக் கணக்கிடுவார்கள். எல்லாம் போட்டுப் பார்த்தால் மாதம் சுமார் 6,200 ரூபாய் வருகிறது. 36 ஆண்டு உழைப்புக்கு!

2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பின் உயர் ஓய்வூதியத்துக்கு விருப்பம் கொடுத்தவர்கள் கணக்கு வேறு. அந்த வாசல் அடுத்த ஆண்டே சாத்தப்பட்டுவிட்டது.

50 வயதிலேயே ஓய்வூதியம் கேட்கலாம், விதியில் இடம் இருக்கிறது. ஆனால் 58-க்கு முந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு விழும், அது ஆயுளுக்கும் தொடரும். மறுபக்கம், 58-ல் வாங்காமல் 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். இதைச் செய்யலாம் என்று தெரிந்தவர்கள் இந்தப் பகுதியில் மிகக் குறைவு.

ஓய்வூதியத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. கிராஜுவிட்டியும் பி.எஃப். திரட்சியும்தான் ஆதாரம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 40,000 ரூபாய் வாங்கியவருக்கு 36 ஆண்டுக்கு சுமார் 8.3 லட்சம் கிராஜுவிட்டி கிடைக்கும். சட்டப்படியான உச்சவரம்பு 20 லட்சம். பி.எஃப். எவ்வளவு மிஞ்சும் என்பது வீட்டுக்கும் மகள் கல்யாணத்துக்கும் எவ்வளவு எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. மிஞ்சியதை வட்டிக்கு விடவும் தெரிந்தவர் சீட்டில் போடவும் ஆள் வரிசையில் நிற்பார்கள். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து அதில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் அது மாதத்துக்கு 20,500 ரூபாய், காலாண்டுக்கு ஒருமுறை கைக்கு வரும். 60 வயது ஆகவேண்டும் என்பது பொது விதி. பணி ஓய்விலோ வி.ஆர்.எஸ்.ஸிலோ வந்தவர் பணம் கிடைத்த மூன்று மாதத்துக்குள் போட்டால் 55 வயதே போதும். கணக்கை மனைவியோடு கூட்டாகத் திறக்க முடியும் என்பதை அழுத்தி எழுதுகிறேன். காரணம் பின்னால் வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. வேலை முடியும் நாளில் கம்பெனியின் குரூப் மருத்துவக் காப்பீடும் பொதுவாக முடிந்துவிடும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்த பிறகு சொந்தமாகப் பாலிசி எடுத்தால், இருக்கும் நோய்களுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு காத்திருப்புக் காலம் விதிக்கலாம். 55-க்குள் எடுத்தவருக்கு 58-ல் அந்தக் காலம் கடந்திருக்கும். 58-ல் எடுத்தால், சம்பளம் நின்ற முதல் மூன்று ஆண்டுகள் அந்த நோய்களுக்குப் பாதுகாப்பு இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை.

58 வரை இருக்க விடுவார்களா?

எப்போது ஓய்வு பெறுவது என்பதைத் தொழிலாளி தீர்மானிப்பதாகவே இதுவரை எழுதினேன். இந்தப் பகுதியின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கியது, 2014 நவம்பர் 1-ல் நின்றது. பல்லாயிரம் பேர், பெரும்பகுதி இளம் பெண்கள். அதே ஆண்டு முன்னதாகவே ஆயிரக்கணக்கானோர் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். விருப்ப ஓய்வு என்று பெயர், வயதோ இருபதுகளில். முதல் நாள் சேர்ந்து கடைசி நாள் வரை இருந்தவருக்கும் அங்கே ஒன்பது ஆண்டு நிறைந்திருக்காது. ஓய்வூதியம் பெறப் பத்தாண்டு பணி வேண்டும். வெளியே வந்ததும் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டவர்களுக்கு அந்த உழைப்பு முழுவதும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து அழிந்தது. பணத்தை எடுக்காமல் ஸ்கீம் சான்றிதழ் வாங்கியிருந்தால், பின்னால் எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் பழைய ஆண்டுகள் கூட்டல் கணக்கில் வந்திருக்கும். கையில் காசு இல்லாத நேரத்தில் இதை எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்திருக்க வேண்டும். இன்றைக்கு அதே நிலையில் இருப்பவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஓராண்டு இந்த கான்ட்ராக்டர், ஆறு மாதம் அந்த கான்ட்ராக்டர், நடுவில் மூன்று மாதம் ஊரில். 58 என்ற எண் அவர்கள் பேச்சிலேயே வருவதில்லை. அவர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று உண்டு: பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை மாற்றாதீர்கள், பழைய கணக்கை ஒவ்வொரு முறையும் புதியதோடு இணையுங்கள், ஓய்வூதியப் பங்கில் கை வைக்காதீர்கள்.

மறைமலை நகர் ஃபோர்டில் நிலைமை வேறு மாதிரி. 2021 செப்டம்பர் 9-ல் மூடுவதாக அறிவிப்பு வந்தது, கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளியேறியது. நடுவில் தொழிற்சங்கம் மாதக்கணக்கில் பேசி இழப்பீட்டை உயர்த்தியது. அங்கே பலர் நாற்பதுகளில் இருந்தார்கள். வேறு லைனில் பயிலுநராகச் சேர முடியாத வயது, ஓய்வு பெறவும் முடியாத வயது. மொத்தமாக வந்த பணத்தை வைத்து 45-லேயே எந்த ஊர் என்று முடிவு செய்ய வேண்டி வந்தது.

ஆலை மூடாவிட்டாலும் உடம்பு முந்திக்கொள்ளும். கன்வேயரின் வேகத்துக்குக் குனிந்து நிமிர்கிறவருக்கு முதலில் போவது முட்டியும் இடுப்பும். வாரம் ஒரு ஷிப்ட் என்று மாறி மாறி வந்தவருக்குத் தூக்கம் போகிறது, பின்னாலேயே சர்க்கரை வருகிறது. ஐம்பதைத் தாண்டியவரை லைனிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸ், குவாலிட்டி, புதியவர்களுக்குப் பயிற்சி என்று ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றுவது கருணை இல்லை, நியாயம். ஊதிய ஒப்பந்தங்களில் இது ஒரு பிரிவாக எழுதப்பட வேண்டும். 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தது சங்க அங்கீகாரத்துக்காக. சங்கம் என்ற ஒன்று இருப்பதற்கே இவ்வளவு போராட வேண்டியிருக்கும் இடத்தில், ஐம்பது வயதுக்காரரின் முட்டிக்காகப் பேச எப்போது நேரம் வரும் என்று கவலையாக இருக்கிறது.

யார் தனியாக இருக்கப் போகிறார்?

நம் குடும்பங்களில் கணவரைவிட மனைவி நான்கைந்து வயது இளையவர். சராசரி ஆயுளும் பெண்களுக்குச் சில ஆண்டு கூடுதல். இரண்டையும் கூட்டினால், ஓய்வுக்குப் பின் தேர்ந்தெடுக்கும் ஊரில் மனைவி கடைசி ஏழெட்டு ஆண்டுகளைத் தனியாகக் கழிக்கவே வாய்ப்பு அதிகம். கணவருக்குப் பிறகு அவருக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் பாதி. நாம் போட்ட கணக்கில் அது மாதம் 3,100 ரூபாய். ஆனால் எந்த ஊர் என்று தீர்மானிப்பது யார்? பெரும்பாலும் கணவர். அதுவும் தான் பிறந்த ஊர் என்ற ஒரே காரணத்துக்காக.

“ஊர்ல போய் செட்டில் ஆயிடலாம்” என்று அவர் சொல்லும் ஊர், மனைவி பிறந்த ஊர் அல்ல. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் ஒரு ஆண்டு இருந்திருப்பார், அப்புறம் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் போய்வந்ததோடு சரி. இருபத்தைந்து ஆண்டாக அவருடைய சிநேகிதிகள் இந்தத் தெருவில் இருக்கிறார்கள். குழுக் கடன், ரேஷன் கடை, பிள்ளைகள் படித்த பள்ளி, செவ்வாய்க்கிழமை கோயில் எல்லாமே இங்கே. கணவருக்கோ இந்தத் தெருவில் பலர் பெயர்கூடத் தெரியாது. அவர் பழகிய உலகம் கம்பெனி பஸ்ஸும் கேன்டீனும்தான், ஓய்வு நாளன்று அது முடிந்துவிடும். அதனால்தான் அவருக்கு ஊர் இழுக்கிறது. அந்த ஏக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு விலை கொடுக்கப் போவது மனைவி.

இங்கேயே இருப்பதுதான் சரி என்றும் நான் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கு இன்று வரை ரயில் நிலையம் கிடையாது. ஆவடியிலிருந்து கூடுவாஞ்சேரிக்குப் போடுவதாகப் பேசப்படும் பாதை பேச்சாகவே இருக்கிறது. முட்டிவலி உள்ளவர்கள் நெடுஞ்சாலையைக் கடந்து பஸ் ஏற வேண்டும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மனை வாங்கியவர்கள் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தை வீட்டுக்குள்ளேயே பார்த்தார்கள். அன்று முப்பத்தைந்து வயதில் மாடிக்கு ஏறிய ஆள் எழுபதில் ஏறுவாரா? சில மனைப்பிரிவுகளுக்கு அங்கீகாரமே இல்லை. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றை வரன்முறைப்படுத்த அரசு 2017-ல் வழி திறந்தது. இன்னும் அதைச் செய்யாதவர்களுக்கு விற்கும் நாளில் சிக்கல் காத்திருக்கிறது. பரந்தூர் விமான நிலையத்துக்காக ஏகனாபுரமும் சுற்றியுள்ள ஊர்களும் நிலத்தைக் காக்கப் போராடுகின்றன. எந்தச் சர்வே எண் எதற்குப் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத இடத்தில் முதுமையை நட்டு வைப்பது எளிதல்ல.

ஊர்ப் பக்கமோ பழைய நிலையில் இல்லை. 2022 ஜனவரி 12-ல் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அரியலூர், கள்ளக்குறிச்சி, ராமநாதபுரம், விருதுநகர், கிருஷ்ணகிரி, நீலகிரி எல்லாம் அதில் அடக்கம். நெஞ்சுவலி வந்தால் தஞ்சாவூருக்கோ சேலத்துக்கோ ஓட வேண்டியிருந்த பல மாவட்டங்களில் இன்று ஒரு மணி நேரத்துக்குள் பெரிய மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டு வருகிறது. ஆகவே ஊர் என்றால் மருத்துவம் இல்லை என்ற பழைய வாதம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உங்கள் ஊருக்குப் பொருந்துமா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பார்ப்பது என்றால் போய் இருந்து பார்ப்பது. ஊரில் புது வீடு கட்டக் கடைக்கால் தோண்டும் முன், ஒரு வாடகை வீடு எடுத்து ஒரு சித்திரையையும் ஒரு ஐப்பசியையும் அங்கே கழியுங்கள். திருவிழா நாளில் பார்க்கும் ஊரும், சாதாரணப் புதன்கிழமையில் இருக்கும் ஊரும் ஒன்றல்ல. மனைவியைக் கூட்டிப் போங்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் அந்தத் தெருவுக்கு எவ்வளவு பக்கம் வருகிறது, நாளைக்கு எத்தனை முறை வருகிறது, இரவில் ஆட்டோ கிடைக்குமா, குடிதண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, பங்காளி வீட்டார் கணவர் இல்லாத காலத்திலும் அவரை மதிப்பார்களா? கடைசிக் கேள்விக்கான பதில் மனைவிக்கு ஏற்கெனவே தெரியும். அவர் சொல்லாமல் இருப்பது, யாரும் கேட்காததால்.

அவருக்கு இந்தத் தெருதான் வேண்டும் என்றால் ஊர் நிலத்தில் ஒரு பகுதியை விற்று, இங்கே மாடியில் ஒரு தளம் எழுப்பி, கீழே இருந்துகொண்டு மேலே வாடகைக்கு விடலாம். கீழ்த்தளத்துக்கு வெயில் குறையும், வாடகையும் வரும். ஆலைகள் இருக்கும்வரை இங்கே வாடகைக்கு ஆள் கிடைக்கும். ஊர்தான் என்று இருவரும் ஒத்துப்போனால், இங்கிருக்கும் வீட்டை உடனே விற்காதீர்கள். இரண்டு ஆண்டு பொறுங்கள்.

நிர்வாகங்களும் சங்கங்களும் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. ஐம்பது வயதைத் தொட்ட ஒவ்வொரு தொழிலாளியையும், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியோடு கூப்பிட்டு உட்காரவையுங்கள். பெண் தொழிலாளி என்றால் கணவரோடு. பி.எஃப். கணக்கு, ஓய்வூதியத் தொகை, வாரிசு நியமனம், காப்பீடு, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் இருவர் முன்னாலும் எடுத்துவையுங்கள். குடும்ப தின விழாவுக்குப் பந்தல் போடும் கம்பெனிகளுக்கு இது பெரிய செலவில்லை.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் வீக்லி ஆஃப் அன்று பாஸ்புக்கையும் பத்திரத்தையும் எடுத்து வீட்டில் விரியுங்கள். பத்திரத்தில் மனைவி பெயர் இல்லையென்றால் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். தபால் நிலையக் கணக்கைக் கூட்டாகத் திறக்க முடிவெடுங்கள். பிறகு எந்த ஊர் என்று அவரைக் கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை நடுவில் பேசாதீர்கள்.